சில நூறு பேரிடம் கண்டதை எல்லோருக்கும் சொல்லலாமா? மாதிரித் தேர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆய்வு முறையியல் படிக்கும் மாணவர்கள், ஆய்வேடு எழுதத் தொடங்கியவர்கள், செய்தியில் "ஆய்வு சொல்கிறது" என்ற வரியைப் பார்த்ததும் "யாரை வைத்து?" என்று யோசிப்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. ஆனால் ஆறாவது, ஏழாவது கேள்விகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான குழப்பம் அங்கேதான் இருக்கிறது.

1. மாதிரி, முழுத்தொகுதி என்கிறார்களே, எது எது?

யாரைப் பற்றிப் பேச விரும்புகிறோமோ அவர்கள் அனைவரும் முழுத்தொகுதி. அவர்களில் யாரை உண்மையில் அளந்தோமோ, யாரிடம் கேட்டோமோ அவர்கள் மாதிரி, பேச்சுவழக்கில் சாம்பிள்.

இரண்டுக்கும் நடுவே இன்னொன்று இருக்கிறது. அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அதுதான் பட்டியல். வாக்காளர் பட்டியல், மருத்துவமனைப் பதிவேடு, தொலைபேசி எண்களின் தொகுப்பு என்று ஏதோ ஒன்றிலிருந்துதான் ஆட்களைத் தேர்ந்தெடுக்கிறோம். பட்டியலில் பெயரே இல்லாதவர், எவ்வளவு நேர்மையாகக் குலுக்கிப் போட்டாலும் மாதிரிக்குள் வரமாட்டார். எனவே எந்த ஆய்வைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இந்த மாதிரிக்குள் வரவே முடியாதவர்கள் யார்?

2. எல்லோரையும் கேட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே?

முடிந்தால் நல்லதுதான். ஆனால் முழுக் கணக்கெடுப்பிலும் விடுபடுகிறவர்கள் உண்டு. வீடில்லாதவர்கள், அடிக்கடி இடம் மாறுகிறவர்கள், கதவைத் திறக்காதவர்கள். அப்புறம், எல்லோரையும் கேட்கப் போனால் ஒவ்வொருவரிடமும் கேட்கும் கேள்விகளைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும், கேட்கப் போகிறவர்களுக்குச் சரியாகப் பயிற்சி கொடுக்கவும் முடியாது. கவனமாக எடுத்த இரண்டாயிரம் பேரின் மாதிரி, அவசரமாக நடத்திய முழுக் கணக்கெடுப்பைவிட நம்பகமாக இருக்க வாய்ப்பு உண்டு.

3. ஆயிரம் பேரைக் கேட்டுவிட்டுக் கோடிக்கணக்கானவர்களைப் பற்றிப் பேசுவது எப்படிச் சரியாகும்?

சமவாய்ப்பு முறையில் எடுத்திருந்தால் சரியாகும். அதாவது முழுத்தொகுதியில் உள்ள ஒவ்வொருவரும் தேர்வாவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். யாருக்கும் அது பூஜ்யமாக இருக்கக் கூடாது. அப்படி எடுத்தால் நம் கணிப்பு எவ்வளவு தூரம் விலகக்கூடும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். பாதிப் பேர் ஆம், பாதிப் பேர் இல்லை என்கிற ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். 95 சதவீத உறுதியோடு பார்த்தால் (இப்படி நூறு முறை மாதிரி எடுத்தால் ஏறக்குறைய 95 முறை உண்மை அந்த வரம்புக்குள் இருக்கும்), 400 பேரைக் கேட்டால் பிழை வரம்பு ஏறக்குறைய 5 சதவீதப் புள்ளிகள். 1,000 பேர் என்றால் 3. 10,000 பேர் என்றால் 1.

பலருக்கு நம்ப முடியாத விஷயம், இந்தக் கணக்கில் மக்கள்தொகை வருவதே இல்லை என்பதுதான். பத்து லட்சம் பேர் வாழும் நகரமானாலும் நூறு கோடிப் பேர் வாழும் நாடானாலும் 1,000 பேர் கொண்ட சமவாய்ப்பு மாதிரி ஏறக்குறைய ஒரே துல்லியத்தைத்தான் தரும். பிழையைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால் மாதிரியை நான்கு மடங்காக்க வேண்டும். பல சர்வேக்கள் ஆயிரம், இரண்டாயிரம் பேரோடு நின்றுவிடுவதற்கு அதுதான் காரணம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அந்த 3 புள்ளி என்பது மொத்த மாதிரிக்குத்தான். அதே 1,000 பேரில் எழுபது வயதைக் கடந்தவர்கள் 80 பேர்தான் இருக்கிறார்கள் என்றால், அவர்களைப் பற்றிய எண்ணிக்கையின் பிழை வரம்பு 11 புள்ளிக்குப் போய்விடும். "முதியோரிடையே ஆதரவு 6 சதவீதம் சரிந்தது" என்று தலைப்பு வந்தால், அதற்கு முன் எத்தனை முதியவர்களைக் கேட்டார்கள் என்று பாருங்கள்.

4. 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்கிறார்களே, அது தவறா?

பானைக்குச் சரி. ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே தீ, நடுவில் கிளறியும் விட்டாயிற்று. எந்தச் சோற்றை எடுத்து நசுக்கினாலும் ஒன்றுதான். மனிதர்களை யாரும் அப்படிக் கிளறி வைக்கவில்லை. படித்தவர்கள் படித்தவர்களோடும், வசதியானவர்கள் வசதியானவர்களோடும், நோயாளிகள் மருத்துவமனைகளிலும் சேர்ந்து சேர்ந்து இருக்கிறார்கள். கைக்கெட்டிய இடத்தில் எடுத்தால் அந்த இடத்தின் சேதிதான் கிடைக்கும். சமவாய்ப்புத் தேர்வு செய்வது இந்தக் கிளறும் வேலையைத்தான். தொகுதிக்குள் வேறுபாடு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நன்றாகக் கிளற வேண்டும்.

5. எப்படியானாலும் சாம்பிள் பெரிதாக இருந்தால் நல்லதுதானே?

எப்படி எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. சமவாய்ப்பு மாதிரி பெரிதாகப் பெரிதாகத் துல்லியம் கூடும். ஒரு பக்கம் சாய்ந்த மாதிரி பெரிதானால், தவறான விடைமேல் நம்பிக்கைதான் கூடும்.

இதற்கு 1936ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலைவிட நல்ல சான்று இல்லை. லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ் சுமார் ஒரு கோடி பேருக்குக் கருத்துக்கணிப்புச் சீட்டுகளைத் தபாலில் அனுப்பியது. முகவரிகள் பெரும்பாலும் தொலைபேசிப் புத்தகங்களிலிருந்தும் கார் பதிவுகளிலிருந்தும் எடுக்கப்பட்டவை. 23 லட்சத்துக்கும் மேற்பட்ட சீட்டுகள் திரும்பி வந்தன. குடியரசுக் கட்சி வேட்பாளர் ஆல்ஃப் லேண்டன் ஜெயிப்பார் என்று இதழ் அறிவித்தது. நடந்ததோ நேர்மாறு. ஃபிராங்ளின் ரூஸ்வெல்ட் ஏறக்குறைய 61 சதவீத வாக்குகளோடு 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். முந்தைய தேர்தல்களில் சரியாகச் சொல்லிப் பெயர் வாங்கியிருந்த அந்த இதழ் இரண்டு ஆண்டுகளில் நின்றுபோயிற்று. அதே தேர்தலில் கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் சுமார் 50,000 பேரை மட்டும் வைத்து ரூஸ்வெல்ட் வெல்வார் என்றார். ரூஸ்வெல்ட்டின் வாக்குகளை அவரும் சில புள்ளிகள் குறைத்துத்தான் கணித்தார், ஆனால் ஆளைச் சரியாகச் சொல்லிவிட்டார்.

இந்தக் கதையைச் சொல்லும் பலர், "பொருளாதார மந்தக் காலத்தில் கார், தொலைபேசி வைத்திருந்தவர்கள் பணக்காரர்கள், அதனால்தான் தவறிற்று" என்று நிறுத்திவிடுவார்கள். அது பாதிக் கதை. பின்னர் நடந்த பகுப்பாய்வுகள் இன்னொன்றையும் காட்டின: சீட்டு கிடைத்தவர்களுக்குள்ளேயே, ரூஸ்வெல்ட்டை எதிர்த்தவர்கள்தான் அதிக ஆர்வத்தோடு நிரப்பி அனுப்பினார்கள். சீட்டு கிடைத்த எல்லோரும் பதில் சொல்லியிருந்தால், அந்தக் கோணலான பட்டியலை வைத்துக்கூட ரூஸ்வெல்ட்டே வெல்வார் என்று வந்திருக்கும். பட்டியல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, பதில் சொன்னவர்கள் இன்னும் அதிகமாகச் சாய்ந்திருந்தார்கள்.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2021இல் அமெரிக்காவில் கொரோனா தடுப்பூசி எத்தனை பேர் போட்டுக்கொண்டார்கள் என்று அறிய ஃபேஸ்புக் வழியாக ஒரு சர்வே நடந்தது. வாரம் சுமார் இரண்டரை லட்சம் பேர் பதில் சொன்னார்கள். அந்த ஆண்டு மே மாதத்தில் அதன் கணிப்பு உண்மையைவிட 17 சதவீதப் புள்ளிகள் அதிகமாக இருந்தது. ஏறக்குறைய ஆயிரம் பேரை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுத்துக் கேட்ட இன்னொரு சர்வே உண்மைக்கு மிக அருகில் வந்தது. 1936க்கும் 2021க்கும் நடுவில் 85 ஆண்டுகள். கருவி மாறியதே தவிர, தவறு மாறவில்லை.

6. ஆய்வில் ஆட்களைச் சமவாய்ப்பு முறையில்தான் பிரித்தார்கள் என்று போட்டிருக்கிறதே, அப்படியானால் எல்லோருக்கும் பொருந்துமா?

பொருந்தும் என்று சொல்ல முடியாது. படித்தவர்களும் தடுக்கி விழும் இடம் இது.

இரண்டு வேறு வேலைகளுக்குக் குலுக்கல் பயன்படுகிறது. ஒன்று, யார் ஆய்வுக்குள் வருகிறார்கள் என்பதற்கு. இது மாதிரித் தேர்வு. மற்றொன்று, உள்ளே வந்துவிட்டவர்களில் யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் மாத்திரை என்று பிரிப்பதற்கு. இது குழு ஒதுக்கீடு. முதலாவது, கண்டது வெளியே இருப்பவர்களுக்கும் செல்லுமா என்பதைக் காக்கிறது. இரண்டாவது, மாற்றத்துக்கு மருந்துதான் காரணமா என்பதைக் காக்கிறது. மருத்துவச் சோதனைகள் அநேகமாக எல்லாமே இரண்டாவதை மட்டும்தான் செய்கின்றன. யார் உள்ளே வருகிறார்கள் என்பதை எந்த மருத்துவமனை, எந்தத் தகுதி விதி, யார் சம்மதித்தார்கள் என்பவைதான் தீர்மானிக்கின்றன.

ஆஸ்பிரின் கதையைப் பாருங்கள். அமெரிக்காவில் 22,071 ஆண் மருத்துவர்களை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பிரின் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு 44 சதவீதம் குறைந்தது என்று 1989இல் முடிவு வெளியானது. ஒதுக்கீடு கச்சிதம், பகுப்பாய்வும் கச்சிதம். ஆனால் அதில் ஒரு பெண்கூட இல்லை. பிறகு 39,876 பெண்களை வைத்துத் தனியாக ஒரு சோதனை நடந்து, 2005இல் முடிவு வந்தது. மொத்தமாகப் பார்த்தால் அவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை. குறைந்தது பக்கவாதம், அதுவும் 17 சதவீதம். 65 வயதைத் தாண்டிய பெண்களுக்கு மட்டும் மாரடைப்பிலும் பலன் தெரிந்தது. இரண்டு சோதனைகளிலும் மாத்திரையின் அளவு வேறு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதனால் முழு வித்தியாசமும் ஆண், பெண் என்பதால் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் முதல் ஆய்வின் முடிவை அப்படியே பெண்களுக்கும் நீட்டியிருந்தால் தவறியிருப்போம் என்பதில் சந்தேகமில்லை.

7. மாதிரிக்குள் இல்லாதவர்களுக்கு மருந்து கொடுத்தால் உண்மையிலேயே என்ன ஆகும்? கொஞ்சம் பலன் குறையும், அவ்வளவுதானே?

சில நேரம் ஆளையே சாய்த்துவிடும். ஸ்பைரோனோலாக்டோன் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். கடுமையான இதயச் செயலிழப்பு உள்ள 1,663 பேரிடம் அதைச் சோதித்தார்கள். 1999இல் வெளியான முடிவு அருமையானது: இறப்பு 30 சதவீதம் குறைந்தது. ஆனால் அந்த மருந்து இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றிவிடக்கூடியது. பொட்டாசியம் அதிகமானால் இதயத் துடிப்பே தடுமாறும். எனவே ஏற்கெனவே பொட்டாசியம் கூடியிருந்தவர்களையும், சிறுநீரகம் மோசமாக இருந்தவர்களையும் சோதனையில் சேர்க்கவில்லை. சேர்த்தவர்களுக்கும் அடிக்கடி இரத்தப் பரிசோதனை செய்துகொண்டே இருந்தார்கள். சராசரி வயது 65.

முடிவு வெளியானதும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மருத்துவர்கள் இதை வேகமாக எழுதிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். அங்கே பின்னர் 66 வயதும் அதற்கு மேலும் ஆன இதய நோயாளிகளின் பதிவேடுகளை ஆராய்ந்தபோது தெரிந்தது இது: பொட்டாசியம் ஏறி மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1994இல் ஆயிரத்துக்கு 2.4 பேர், 2001இல் 11 பேர். அதனால் இறந்தவர்கள் ஆயிரத்துக்கு 0.3இலிருந்து 2க்கு உயர்ந்தார்கள்.

சோதனை பொய்யில்லை. மருந்தும் கெட்டதில்லை. சோதனைக்குள் இருந்தவர்களுக்கும் வெளியே மருந்து வாங்கியவர்களுக்கும் வயதிலும் சிறுநீரகத்திலும் கண்காணிப்பிலும் வித்தியாசம் இருந்தது. அந்த மூன்றும் மருந்தின் ஆபத்தைத் தீர்மானிக்கும் விஷயங்கள். எந்த ஆய்வையும் வேறு மக்களுக்குப் பொருத்திப் பார்க்கும்போது இப்படித்தான் கேட்க வேண்டும் என்பது என் கருத்து: விளைவை ஏற்றவோ இறக்கவோ கூடிய காரணிகள் எவை, அவற்றில் உள்ளே இருந்தவர்களும் வெளியே இருப்பவர்களும் ஒத்திருக்கிறார்களா? மற்ற வித்தியாசங்கள் இருந்துவிட்டுப் போகட்டும்.

8. கல்லூரி மாணவர்களை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு செல்லாதா?

எதைப் பற்றிய ஆய்வு என்பதைப் பொறுத்தது.

2010இல் ஜோசப் ஹென்ரிக், ஸ்டீவன் ஹைன், ஆரா நோரன்சயான் ஆகிய மூவர் உளவியல் உலகை உலுக்கிய ஒரு கட்டுரையை வெளியிட்டார்கள். முன்னணி உளவியல் இதழ்களில் வந்த ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 96 சதவீதம் பேர் மேற்கத்திய தொழில்மய நாடுகளைச் சேர்ந்தவர்கள். அந்த நாடுகளில் வாழ்வதோ உலக மக்களில் 12 சதவீதம். ஆய்வுகளில் பங்கேற்ற அவர்களிலும் பெரும்பகுதி இளநிலைப் பட்ட மாணவர்கள். இவர்களை வைத்துக் கண்டதை "மனித மனம் இப்படித்தான்" என்று எழுதி வந்திருக்கிறோம் என்பதே அவர்கள் புகார்.

அவர்கள் எடுத்துக்காட்டியவற்றில் ஒன்று முல்லர்-லையர் தோற்றமயக்கம். ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புக்குறி உள்நோக்கி மடங்கியிருக்கும், மற்றதில் வெளிநோக்கி விரிந்திருக்கும். விரிந்த கோடு நீளமாகத் தெரியும். கண்ணின் அமைப்பே அப்படி, எந்த மனிதருக்கும் அப்படித்தான் தெரியும் என்று யாரும் நினைப்பார்கள். 1960களில் பல சமூகங்களில் சோதித்தபோது, அமெரிக்க மாணவர்களுக்கு இரண்டும் சமமாகத் தெரிய வேண்டுமானால் ஒரு கோட்டை மற்றதைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீட்ட வேண்டியிருந்தது. ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பகுதியைச் சேர்ந்த சான் வேட்டைச் சமூகத்தினருக்கு நீட்ட வேண்டிய தேவையே கிட்டத்தட்ட இல்லை. அவர்கள் கண்ணுக்கு அவை சமமான கோடுகளாகவே தெரிந்தன.

கண்ணுக்குத் தெரிவதே இப்படி மாறும் என்றால், நியாயம், நம்பிக்கை, ஒத்துழைப்பு போன்றவை எவ்வளவு மாறும் என்று யோசித்துப் பாருங்கள். மறுபக்கம், சிவப்பு மையில் "பச்சை" என்று எழுதியிருந்தால் மையின் நிறத்தைச் சொல்லத் தடுமாறுவது பல மொழிகளில், படிக்கத் தெரிந்தவர்களிடம் திரும்பத் திரும்பக் கிடைத்திருக்கிறது. அதை மாணவர்களிடம் மட்டும் ஆராய்ந்ததற்காக நான் குறைசொல்ல மாட்டேன். "மாணவர்கள் மட்டும்" என்ற காரணத்துக்காகவே ஓர் ஆய்வைத் தள்ளுவதும் சோம்பேறித்தனம்தான். மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் உள்ள எந்த வித்தியாசம் இந்த முடிவை மாற்றும் என்று சொல்ல முடிய வேண்டும்.

9. சாலையோரம் நின்று கண்ணில் பட்டவர்களைக் கேட்டால் அது ரேண்டம்தானே?

இல்லை. அந்த நேரத்தில் அந்த வழியாக வந்தவர்கள், அவசரமில்லாதவர்கள், உங்களைப் பார்த்ததும் ஒதுங்காதவர்கள்தான் கிடைப்பார்கள். அவர்களில் யாரைக் கூப்பிடுவது என்பதையும் உங்கள் கண்தான் தேர்ந்தெடுக்கிறது. இதற்கு வசதி மாதிரி என்று பெயர். முன்னோட்ட ஆய்வுக்கு, வினாத்தாள் புரிகிறதா என்று பார்க்க, இது போதும்.

10. ஆண் இத்தனை, பெண் இத்தனை, இளைஞர் இத்தனை என்று பங்கு பிரித்து எடுத்தால்?

அதைவிட மேல், ஆனால் ஓட்டை அடைபடாது. 1948 அமெரிக்கத் தேர்தலில் பெரிய கணிப்பு நிறுவனங்கள் அப்படித்தான் செய்தன. களப்பணியாளரிடம் "இந்த வயதில் இத்தனை ஆண்கள், இந்த வருமானத்தில் இத்தனை பேர்" என்று பங்கைக் கொடுத்துவிட்டு, யாரைக் கேட்பது என்பதை அவர் கையில் விட்டுவிட்டார்கள். எளிதில் கிடைக்கிறவர், நன்றாக உடுத்தியவர், நல்ல பகுதியில் வசிப்பவர் என்றுதான் கை போகும். தாமஸ் டூயி வெல்வார் என்று எல்லோரும் சொன்னார்கள், ஹாரி ட்ரூமன் வென்றார். கடைசி வாரங்களில் வாக்காளர் மனம் மாறியதும் ஒரு காரணம். ஆனாலும் அந்தத் தோல்விக்குப் பிறகுதான் சமவாய்ப்பு முறைக்கு மாறும் வேகம் கூடியது. மொத்தத்தில் சொன்னால், பங்கில் எழுதியவை ஒத்துப்போகும். எழுதாமல் விட்டவை எப்படி இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

11. பலர் பதில் சொல்ல மறுக்கிறார்கள். எத்தனை சதவீதம் பதில் வந்தால் போதும்?

ஒரு மந்திர எண் கிடையாது. பதில் சொல்லாதவர்கள் பதில் சொன்னவர்களிடமிருந்து நீங்கள் அளக்கும் விஷயத்தில் வேறுபட்டவர்களா என்பதுதான் கேள்வி. மக்களின் உடல்நலத் தகவல்களைத் திரட்டும் பிரிட்டனின் பெரிய ஆய்வுத் திட்டமான யுகே பயோபேங்க் இதற்கு நல்ல பாடம். 2006 முதல் 2010 வரை 92 லட்சம் பேரை அழைத்தார்கள். வந்தவர்கள் 5.5 சதவீதம், அதாவது சுமார் ஐந்து லட்சம் பேர். வந்தவர்கள் பொதுமக்களைவிட ஆரோக்கியமானவர்கள். புகைப்பவர்கள் குறைவு, உடல்பருமன் குறைவு. 70 முதல் 74 வயதுப் பிரிவில் அவர்களின் இறப்பு விகிதம் பொதுமக்களின் விகிதத்தில் ஏறக்குறைய பாதிதான்.

அப்படியென்றால் அந்தத் தரவு வீணா? இல்லை. "நாட்டில் எத்தனை சதவீதம் பேருக்கு இந்த நோய்?" என்று அதில் கேட்கக் கூடாது. "இந்தப் பழக்கம் உள்ளவர்களுக்கு நோய் கூடுகிறதா?" என்று கேட்டால் பல நேரம் நல்ல விடை கிடைக்கும், ஏனென்றால் ஒப்பீடு உள்ளுக்குள்ளேயே நடக்கிறது. அதிலும் கவனம் வேண்டும். பங்கேற்க வந்ததற்கு அந்தப் பழக்கமும் நோயும் இரண்டுமே காரணமாக இருந்தால் இல்லாத தொடர்பு இருப்பதாகத் தெரியும். மருத்துவமனை நோயாளிகளை மட்டும் பார்த்தால் இப்படிப் போலித் தொடர்புகள் தோன்றும் என்பதைப் புள்ளியியலாளர் ஜோசப் பெர்க்சன் 1946இலேயே காட்டிவிட்டார்.

12. சாய்ந்த மாதிரியை எடையிட்டு நிமிர்த்திவிட முடியாதா?

ஓரளவு முடியும். மாதிரியில் பெண்கள் குறைவாக வந்திருந்தால் ஒவ்வொரு பெண்ணின் பதிலுக்கும் கூடுதல் எடை கொடுப்பார்கள். 2012இல் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவி வழியாக நடந்த ஒரு தேர்தல் கணிப்பில் ஏறக்குறைய 3,45,000 பேர் பங்கேற்றார்கள். அவர்களில் 93 சதவீதம் ஆண்கள். பாலினம், இனம், வயது, கல்வி, மாநிலம், கட்சிச் சார்பு, கொள்கைச் சார்பு, முந்தைய வாக்கு என்று பிரித்து 1,76,256 சிறு பிரிவுகளாக்கி, ஒவ்வொன்றின் ஆதரவையும் புள்ளியியல் சமன்பாடுகளால் கணித்து, வாக்காளர்களின் உண்மையான அமைப்புக்கேற்ப மறுபடி கூட்டினார்கள். முன்னணி கணிப்புகளுக்கு இணையான விடை வந்தது.

ஆனால் தெரிந்ததை வைத்துத்தான் எடையிட முடியும். 2016 அமெரிக்கத் தேர்தலில் பல மாநிலக் கணிப்புகள் கல்வித் தகுதிக்கு எடையிடவில்லை. பட்டதாரிகள் அதிகம் பதில் சொன்னார்கள், அவர்களோ ஹிலாரி கிளிண்டன் பக்கம் சாய்ந்திருந்தார்கள். அதனால் சில முக்கிய மாநிலங்களில் கணக்கு பிசகியது. இன்னொன்று, மாதிரியில் ஒருவர்கூட இல்லாத பிரிவுக்கு எந்த எடை கொடுத்தும் பயனில்லை.

13. கிராமம் கிராமமாக, பள்ளி பள்ளியாகத் தேர்ந்தெடுத்தால்?

அது கொத்து முறை. அலைச்சல் மிச்சம். ஆனால் ஒரே இடத்தில் இருப்பவர்கள் ஒருவரைப் போல ஒருவர் இருப்பதால் புதிய தகவல் குறைகிறது. உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசி நிலவரத்தை அறிய நெடுங்காலம் பயன்படுத்திய முறையில் 30 கொத்துகள், கொத்துக்கு 7 குழந்தைகள். தனித்தனியாக எடுத்தால் 96 பேர் தரும் துல்லியத்துக்காக 210 பேரை எடுக்க வேண்டியிருந்ததன் காரணம் இதுதான். ஆய்வேடு எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இரண்டே பள்ளிகளில் 500 மாணவர்களை எடுத்துவிட்டு 500 என்று பெருமைப்படாதீர்கள். பள்ளிகளைப் பற்றிச் சொல்ல உங்களிடம் இருப்பது இரண்டுதான்.

14. மாதிரிப் பிரச்சினை ஆய்வுக் கட்டுரைகளோடு முடிந்துவிடுகிறதா?

கருவிகளுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்கிறது. விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஒளியைத் தோல் வழியே செலுத்தி அளக்கிறது. அதன் கணக்கைச் சரிபார்த்தபோது வெளிர்நிறத் தோல் உள்ளவர்களே பெரும்பாலும் இருந்திருந்தால், கருநிறத் தோலில் பிசகும். 2020இல் அமெரிக்க நோயாளிகளிடம் பார்த்தபோது, கருவி 92 முதல் 96 சதவீதம் வரை காட்டிய நேரங்களில் உண்மையில் ஆக்சிஜன் 88 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தது வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். கொரோனா காலத்தில் ஆக்சிஜன் யாருக்கு, படுக்கை யாருக்கு என்று முடிவெடுக்க இந்த எண்ணைத்தான் நம்பினார்கள்.

முக அடையாள மென்பொருள்களிலும் இதே கதை. ஆய்வாளர்கள் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் 2018இல் சோதித்த நிரல்களில் வெளிர்நிற ஆண்களின் பாலினத்தைச் சொல்வதில் அதிகபட்சப் பிழை 0.8 சதவீதம், கருநிறப் பெண்களுக்கு 34.7 சதவீதம் வரை போனது.

15. பதினைந்து பேரிடம் நீண்ட பேட்டி எடுத்திருக்கிறேன். இதை எப்படிப் பொதுமைப்படுத்துவது?

எண்ணிக்கையாகப் பொதுமைப்படுத்த வேண்டாம். "60 சதவீதம் பேர் சொன்னார்கள்" என்று எழுதினால் ஒன்பது பேரைச் சொல்கிறீர்கள், அந்த சதவீதத்துக்குப் பொருளில்லை. பண்புசார் ஆய்வில், அதாவது எண்ணிக்கையைவிட ஆழமான பேச்சை நம்பும் ஆய்வில், ஆட்களைக் காரணத்தோடு தேர்ந்தெடுப்பதுதான் முறை. ஓர் அனுபவம் எப்படி நிகழ்கிறது, என்னென்ன வகைகளில் வருகிறது என்பதைக் காட்டுவதுதான் அதன் பலம். யாரிடம், எந்தச் சூழலில் பேசினீர்கள் என்பதை விரிவாக எழுதுங்கள். தன் சூழலுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதைப் படிப்பவர் முடிவு செய்வார். ஒரு யோசனை: உங்கள் கருத்துக்கு ஒத்துவராத ஆட்களைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள்.

16. ஆய்வேட்டில் 'வரம்புகள்' பகுதியில் என்ன எழுதுவது?

"மாதிரி சிறியதாக இருப்பதால் முடிவுகளைப் பொதுமைப்படுத்த இயலாது" என்ற வரியைத் தயவுசெய்து எழுதாதீர்கள். அது யாருக்கும் எதையும் சொல்வதில்லை. பல நேரங்களில் பிரச்சினை சிறியது என்பதும் இல்லை.

அதற்குப் பதில் மூன்று செய்திகளைக் கொடுங்கள். யார் விடுபட்டார்கள், ஏன். விடுபட்டவர்கள் எந்த வகையில் வேறுபட்டிருக்கலாம். அதனால் உங்கள் எண் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். உதாரணமாக, நோயாளிகள் மருந்தை ஒழுங்காக எடுக்கிறார்களா என்று பார்க்கும் ஓர் ஆய்வில் இப்படி எழுதலாம்: "மாலை நேர வெளிநோயாளிப் பிரிவுக்கு வந்தவர்களை மட்டுமே சந்தித்தோம். படுக்கையில் இருப்பவர்களும் இரவுப் பணிக்குச் செல்பவர்களும் விடுபட்டனர். இவர்கள் மாத்திரையைத் தவறவிடும் வாய்ப்பு அதிகம் என்பதால், மருந்தை ஒழுங்காக எடுப்போர் 70 சதவீதம் என்ற எங்கள் மதிப்பீடு உண்மையைவிடக் கூடுதலாக இருக்கலாம்."